மெக்கானிக் றாஸிக் சும்மா இருக்கப் பழகியது

மெக்கானிக் றாஸிக் போன நோன்பு மாதம், இருபத்தோராம் நாள், அஸர் தொழுகைக்குப் பிறகு மௌத்தானார். நெஞ்சுவலி. ஐம்பத்தேழு வயது. தண்ணீர் மோட்டார் ஒன்றைத் திறந்து வைத்திருந்தார். அது இன்னும் திறந்தபடியே கிடக்கிறது.

சாய்ந்தமருதில் அவரைத் தெரியாத படகுக்காரர் இல்லை. ஒலுவில் துறைமுகத்தில் நின்றுகொண்டு, கடலைப் பார்க்காமலே, வருகிற படகு யாருடையது என்று சத்தத்தை வைத்துச் சொல்வார். பெரும்பாலும் சரியாக இருக்கும். பிழையாகிவிட்டால், "அவன் இஞ்சினை மாத்திட்டான்" என்பார். விசாரித்துப் பார்த்தால் உண்மையாகவே மாற்றியிருப்பான்.

அவரிடம் ஒரு கோளாறு இருந்தது. பிழையான சத்தம் ஒன்று காதில் விழுந்தால் அதைத் திருத்தாமல் அவரால் இருக்க முடியாது. கல்யாண வீட்டுக்குப் போனால் மாப்பிள்ளையைப் பார்க்கமாட்டார், ஜெனரேட்டரைப் பார்ப்பார். பள்ளிவாசலில் இரண்டாவது வரிசைக்கு மேலே இருந்த மின்விசிறி ஒருநாள் டிக் டிக் என்றது. இமாம் ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்தார். சனம் துஆவுக்குக் கையை ஏந்தியபோது றாஸிக் ஏணியோடு நின்றார்.

அவருடைய மனைவி மர்ஷூதா அக்கம்பக்கத்தாரிடம் சொல்வாள்: "மையத்துத் தூக்குற சந்தூக்க இந்த மனிசன்ட குடுத்தாலும், கைபிடி ஆடுதெண்டு இறுக்கிப்போட்டுத்தான் உள்ளுக்குப் படுப்பாரு."

இவர்களுக்கு ஒரே பிள்ளை, அம்ஹா. இந்தக் கரையில் பெண்பிள்ளை பிறந்த அன்றே தகப்பனுக்கு வேலை தொடங்கிவிடும். கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வரவேண்டும். அந்த வீட்டைத் தகப்பன்தான் கட்டிக் கொடுக்கவேண்டும். அம்ஹாவுக்கு மூன்று வயதானபோது றாஸிக் அதற்காகவே கத்தாருக்குப் போனார். கடல் ஊருக்குள் வந்த வருஷமும் அங்கேதான் இருந்தார். மூன்று நாள் தொலைபேசி கிடைக்கவில்லை. நான்காம் நாள் மகளின் குரலைக் கேட்டார். இரண்டு கிழமை லீவில் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். ஒரேயடியாக ஊருக்கு வந்தபோது அவளுக்குப் பதினொரு வயது. எட்டு வருஷமாகத் தொலைபேசியில் இருந்த வாப்பா சாப்பாட்டு மேசையில் வந்து உட்கார்ந்திருந்தார். இருவருக்கும் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. கூச்சத்தை எப்படித் திருத்துவது என்று றாஸிக்குக்குத் தெரியவில்லை. அதனால் வீட்டைக் கட்டத் தொடங்கினார்.

கீழ்வீடு முடிந்தது. மேல்மாடி எழும்பத் தொடங்கியது. கராஜ் வேலை முடிந்ததும் மாடிக்கு ஏறிவிடுவார். பெரியநீலாவணையிலிருந்து மேசன் குணம் மோட்டார் சைக்கிளில் வருவார். குணம் கல் வைக்க, றாஸிக் நீர்மட்டம் பிடிப்பார். மகளுக்காக இவ்வளவு பாடுபடுகிற தகப்பன் ஊரில் இல்லை என்று எல்லாரும் சொன்னார்கள். அவரும் அப்படித்தான் நினைத்தார்.

மகள் கீழே இருந்தாள்.

அவளுக்குப் பதினைந்து நடந்த வருஷம், வீட்டுக்குள்ளேயும் முழுக்கைச் சட்டை போடத் தொடங்கினாள். சித்திரை வெயிலில் ஊரே அவிந்துகொண்டிருந்தது. ஆண்கள் பெனியனோடு வாசலில் கிடந்தார்கள். அவள் மணிக்கட்டுவரை மூடிக்கொண்டு திரிந்தாள். கதை குறைந்தது. சோறு குறைந்தது. பகலில் படுத்துக் கிடந்தாள். சினேகிதிகள் வருவது நின்றது. றாஸிக்கின் கண்ணில் பட்டது சட்டை மட்டும்தான்.

"எண்ட மகள் ஊட்டுக்குள்ளயும் முழுக்கைதான்," என்று கராஜில் சொன்னார். பள்ளிவாசல் விறாந்தையில் சொன்னார். "நாங்க ஒண்டும் சொல்லல்ல. தானாத்தான் போடுறா. இந்தக் காலத்துல ஆரு இப்பிடி?"

கேட்டவர்கள் மாஷா அல்லாஹ் என்றார்கள். மர்ஷூதாவின் சொந்தக்காரப் பிள்ளைகளுக்கு அம்ஹாவைப் பார்த்துப் படிக்கச் சொல்லி ஏச்சு விழுந்தது. சந்தோஷத்தில் றாஸிக் கல்முனைக்குப் போய் இன்னும் ஆறு முழுக்கைச் சட்டை வாங்கி வந்தார். அம்ஹா அவற்றை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, "ஜஸாகல்லாஹ் வாப்பா" என்று நன்றி சொன்னாள்.

விஷயம் வெளியே வந்தது அவருடைய கோளாறினால்தான். ஒரு வெள்ளிக்கிழமை குளியலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. யாரும் அவரிடம் முறைப்பாடு சொல்லவில்லை. அவராகவே கழற்றினார். கழற்றிப் பார்த்தால் உள்ளே இன்னொரு துண்டும் தேய்ந்திருந்தது. அதற்குச் சாமான் வாங்க வேண்டும், கடை பூட்டு. மஃரிபுக்குப் பாங்கு சொல்லிவிட்டார்கள். எல்லாரும் வளவுக் குழாயில் ஒளு எடுக்கவேண்டியதாயிற்று. ஒளு எடுப்பதென்றால் தொழுகைக்கு முன் கையை முழங்கைவரை கழுவவேண்டும்.

அம்ஹா எல்லாரும் போகும்வரை பார்த்திருந்தாள். றாஸிக் பள்ளிக்குப் போகிற வழியில், தொப்பியை மறந்துவிட்டது நினைவு வந்து திரும்பி வந்தார். அவள் கையைச் சுருட்டிக்கொண்டு குழாயடியில் குனிந்திருந்தாள்.

கையில் கோடுகள். சில பழசு, சில புதுசு.

"என்ன மகள் கையில?"

"பூனை."

அவள் கையை இழுத்து மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அந்த வீட்டில் பூனை கிடையாது. றாஸிக் குழாயைப் பூட்டினார். பிறகு அங்கேயே கல்லில் உட்கார்ந்தார். ஆறு சட்டை என்று அவருக்கு மனதில் ஓடியது. தன் கையாலே வாங்கிக் கொடுத்த ஆறு சட்டை. பள்ளியில் ஜமாஅத் தொழுகை தப்பிப் போனது. அதற்கு முன் அவருக்கு மஃரிப் ஜமாஅத் தப்பியதில்லை.

அடுத்த நாள் காலை அவர் தனக்குத் தெரிந்த வேலையைச் செய்தார். ஸ்க்ரூட்ரைவரை எடுத்தார். அம்ஹாவின் அறைக் கதவை உள்ளிருந்து பூட்டுகிற கொண்டியைக் கழற்றினார். வீட்டில் காயம் செய்யக்கூடிய சாமான் எல்லாவற்றையும் கராஜ் அலுமாரிக்குள் போட்டுப் பூட்டினார். மத்தியானம் மீன் வெட்டக் கத்தி இல்லாமல் மர்ஷூதா அடுத்த வீட்டுக்குப் போனாள். அம்ஹா கதவில் இருந்த நான்கு ஓட்டைகளைப் பார்த்தாள். அதற்குப் பிறகு இரண்டு நாள் யாரோடும் கதைக்கவில்லை.

மர்ஷூதாவுக்கு அவர் விஷயத்தைச் சொன்னபோது முதலில் அழுதாள். பிறகு, "ஆஸ்பத்திரிக்கெல்லாம் கொண்டு போகாதீங்க," என்றாள். "பொம்புளப் புள்ள. நாளைக்கு ஆக்கள் என்ன கதைப்பாங்க?"

"கா, இஞ்சின் பத்துதெண்டா உடன அணைக்குற. ஆக்கள் பாக்காங்களா எண்டு பாக்குறல்ல."

திங்கட்கிழமை மூன்று பேரும் ஆஸ்பத்திரி கிளினிக்குக்குப் போனார்கள். வெளியே போட்டிருந்த நீள வாங்கில் படகு முதலாளி முபீன் உட்கார்ந்திருந்தார். இருவரும் ஒருவரை ஒருவர் கண்டுகொண்டார்கள். ஓட முடியாது.

"என்ன முபீன் காக்கா, இந்தப் பக்கம்?"

"பிரஷர். மருமகனுக்கு. நீங்க?"

"பிரஷர்தான்."

பிரஷர் கிளினிக் அடுத்த கட்டடத்தில் இருந்தது. இது மனநலப் பிரிவு என்று தலைக்கு மேலே மூன்று மொழியில் எழுதியிருந்தது. இரண்டு பேரும் எழும்பவில்லை. கொஞ்ச நேரம் கழித்து முபீன் தன்னிடமிருந்த பணிஸ் பையை நீட்டினார். "திண்ணு மகள். இஞ்ச லேட்டாகும்," என்றார். அம்ஹா எடுத்துக்கொண்டாள்.

டொக்டர் பவிதரன் வயதில் சின்னவர். அவளோடு தனியே நெடுநேரம் கதைத்தார். மனச்சோர்வு என்றார். மாத்திரை எழுதினார். பதினைந்து நாளைக்கு ஒருமுறை வரச் சொன்னார். பிறகு தாய் தகப்பனை உள்ளே கூப்பிட்டு, அவள் சம்மதத்தோடு, ஒரு கேள்வியை அவர்கள் முன்னாலேயே திரும்பக் கேட்டார்.

"அந்த எண்ணம் வரக்குள்ள ஆரிட்டப் போய்ச் சொல்லுவீங்க, அம்ஹா?"

"ஆரிட்டயும் இல்ல," என்றாள் அவள். "உம்மாட சொன்னா அழுவா. வாப்பாட சொன்னா திருத்த வருவாரு."

மர்ஷூதா அழுதாள். றாஸிக் எதையோ திருத்த வாயைத் திறந்தார். டொக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்ஹாவுக்கும் உதட்டோரம் கொஞ்சம் அசைந்தது.

"டொக்டர், எண்ட நேரம் முழுக்க இவக்குத்தான்," என்றார் றாஸிக். "வேல முடிஞ்சா இவட ஊட்டு வேலதான். மாடி கட்டுறன்."

"நல்ல விசயம். அந்த மாடியில இவ உங்களோட எவ்வளவு நேரம் இரிந்திரிக்கா?"

றாஸிக் யோசித்தார். "அங்க இன்னும் கூரை இல்லயே," என்றார்.

டொக்டர் அவருக்கு வேலை கொடுத்தார். ஒரு நாளைக்கு அரை மணித்தியாலம் மகளோடு இருக்கவேண்டும். புத்தி சொல்லக்கூடாது. கையில் ஏதும் செய்தாயா, செய்ய நினைப்பு வந்ததா என்று நேராகக் கேட்கலாம், கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. ஆபத்தான சாமான்களை ஒளித்தது சரிதான், அதை அவளிடம் சொல்லிவிட்டுச் செய்திருக்கலாம். கதவு விஷயத்தையும் அவளோடு கதைத்துத்தான் முடிவெடுக்கவேண்டும்.

"கடைசியா ஒண்டு," என்றார். "இவ எப்பையாவது தானா வந்து உங்களக் கூப்பிட்டா, செய்ற வேலைய அப்பிடியே வெச்சிட்டுப் போகணும். கொஞ்சம் பொறு மகள் எண்டு மட்டும் சொல்லப்படாது. ஒருதரம் சொன்னா ரெண்டாந்தரம் வரமாட்டா."

றாஸிக் இதைச் சர்வீஸ் புத்தகம் படிக்கிற மாதிரி மனதில் ஏற்றிக்கொண்டார். அவள் வருவாளா என்பதுதான் அவருக்குப் பயம். எட்டு வருஷம் தூரத்தில் இருந்தவனிடம் ஏன் வரவேண்டும்?

அன்று பின்னேரம் தொடங்கிற்று. இரண்டு பிளாஸ்டிக் கதிரையைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஏறினார்கள். நாலு பக்கமும் பூசாத சுவர், மேலே வானம். றாஸிக் கையைத் தொடைக்குக் கீழே வைத்து அதன்மேல் உட்கார்ந்தார். அப்படியென்றால்தான் கை எதையும் தேடாது. பத்து நிமிஷம் போனது.

"டூ ஸ்ட்ரோக்குக்கும் ஃபோர் ஸ்ட்ரோக்குக்கும் என்ன வித்தியாசம் எண்டு தெரியுமா மகள்?"

"வேணாம் வாப்பா."

"சரி."

இன்னும் இருபது நிமிஷம் போனது. அவர் வாழ்க்கையில் செய்த கஷ்டமான வேலை அது.

மூன்றாம் நாள் மேசன் குணம் சாந்துக் கரண்டியோடு எட்டிப் பார்த்தார். "என்ன காக்கா, தகப்பனும் மகளும் சும்மா சுவரப் பாத்துக்கொண்டு இரிக்கீங்க? நான் கட்டினது கோணலா?"

"ஓம், கோணல்தான் குணம் மாமா," என்றாள் அம்ஹா. "அந்த ரெண்டாவது யன்னல்."

குணத்துக்கு ரோசம் வந்துவிட்டது. இருபத்திரண்டு வருஷத் தொழில். தூக்குக்குண்டைத் தொங்கவிட்டார். அரை அங்குலம் சாய்ந்திருந்தது. இன்னொருதரம் தொங்கவிட்டார். அதே அரை அங்குலம்.

"இது காத்துக்குச் சாய்ஞ்சது," என்றார்.

அம்ஹா சிரித்தாள். றாஸிக் அந்தச் சத்தத்தைக் கேட்டார். எத்தனை மாதமாக அது வீட்டில் இல்லை என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. எல்லா இஞ்சின் சத்தமும் தெரிந்த காதுக்கு இது நின்றுபோனது கேட்கவில்லை. கைமேல் இன்னும் அழுத்தி உட்கார்ந்தார்.

நம்பர் சொல்லும் வழக்கத்தைக் கண்டுபிடித்தவள் அவள்தான். "ஒவ்வொரு நாளும் எப்பிடி எப்பிடி எண்டு மூஞ்சப் பாக்காதீங்க வாப்பா. எனக்கு ஒரு மாதிரி இரிக்கி. பத்துக்கு எத்தின எண்டு நானே சொல்றன். ஏனெண்டு மட்டும் கேக்கப்படாது."

"பத்து எண்டா நல்லமா?"

"பத்தெல்லாம் வராது. ஏழு வந்தா பணிஸ் வாங்கித் தாங்க."

நாலு வந்தது. மூன்று வந்தது. ஒருதரம் ஆறு வந்தபோது றாஸிக் சந்தோஷம் தாங்காமல் ஏன் என்று கேட்டுவிட்டார். உடனே ஐந்தாகக் குறைத்துவிட்டாள். கதவுக்குக் கொண்டி திரும்ப வந்தது. வெளியிலிருந்தும் திறக்கக்கூடிய கொண்டி. இருவரும் கதைத்து ஒத்துக்கொண்டது. அதைப் பொருத்தியவள் அம்ஹா. அவர் பக்கத்தில் நின்று ஆணியைப் பிடித்துக்கொண்டார். ஒன்று கொஞ்சம் கோணல். அதையும் விட்டுவிட்டார். மர்ஷூதா அழுகை வந்தால் குசினிக்குள் போய் வெங்காயம் உரிக்கப் பழகிக்கொண்டாள். அந்த மாதங்களில் அந்த வீட்டில் எல்லாக் கறியிலும் வெங்காயம் தூக்கலாக இருந்தது.

ஆவணியில் மாடிக்குப் பிளேட் போடுகிற நாள் வந்தது. கூரைக்குக் கொங்கிரீட் போடுவதை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். அது கல்யாணம் மாதிரி. இருபது கூலியாட்கள், வாடகைக்குக் கொங்கிரீட் மிசின், வளவில் சோற்றுக் கிடாரம். தொடங்கினால் முடிகிறவரை நிறுத்த முடியாது. பாதியில் நின்றால், போட்டது இறுகிவிடும். பிறகு போடுவது அதோடு ஒட்டாது. அந்தப் பொருத்து வழியாக ஆயுள் முழுக்க மழை ஒழுகும். றாஸிக் கத்தாருக்குப் போனதே இந்த ஒரு நாளுக்காகத்தான் என்று சொல்லலாம்.

காலை ஏழு மணிக்கு பிஸ்மில்லாஹ் சொல்லித் தொடங்கினார்கள். கொங்கிரீட் தாச்சிகள் கைக்குக் கை மேலே ஏறின. குணம் கம்பிமேல் நின்று கத்திக்கொண்டிருந்தார். பத்தரை மணிக்கு அரைவாசி தாண்டியபோது மிசின் இருமியது. திரும்ப இருமியது. நின்றது.

மிசின்காரர் அபுல் ஹஸன் அக்கரைப்பற்றுக்குப் போயிருந்தார். அவர் வந்துசேர ஒன்றரை மணித்தியாலம் ஆகும். இருபது பேரும் ஒரே நேரத்தில் றாஸிக்கைத் திரும்பிப் பார்த்தார்கள். நாட்டிலேயே இதற்குப் பொருத்தமான ஆள் வளவிலேயே நிற்கிறார். ஒருவன் சிரித்தான். றாஸிக் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஸ்பானர் சாவிப் பெட்டியைத் தூக்கினார்.

"வாப்பா."

அம்ஹா வாசலில் நின்றாள். முக்காடு சரியாகப் போடவில்லை. முகம் வெளிறியிருந்தது.

"கொஞ்சம் வாறீங்களா?"

"எத்தின மகள்?"

"ஒண்டு."

இதுவரை ஒன்று வந்ததில்லை. றாஸிக் சாவிப் பெட்டியை நிலத்தில் வைத்தார்.

"காக்கா," என்று மேலேயிருந்து குணம் கத்தினார். "எங்க போறீங்க? வெயில் ஏறுது. இஞ்ச கொங்கிரீட் இறுகுது."

"ஒரு அலுவல் குணம்."

"இத விட என்ன அலுவல் உங்களுக்கு?"

றாஸிக் செருப்பைத் தேடவும் நிற்கவில்லை. வெறுங்காலோடு மகளோடு நடந்தார். இரண்டு ஒழுங்கை தாண்டினால் கடல். கரைவலைத் தோணியின் நிழலில் இருவரும் உட்கார்ந்தார்கள்.

"கையில ஏதும் செஞ்சியா?"

"இல்ல. செய்யோணும் போல வந்திச்சு. அதான் வந்தன்."

"நல்லம்," என்றார். "வந்தது நல்லம்."

அவள் கதைத்தாள். அவர் கேட்டார். அவள் சொன்னதெல்லாம் அவருக்குச் சொன்னது, இங்கே எழுத வேண்டியதில்லை. இடையில் பலதரம் அவருக்கு வழி சொல்ல வாய் வந்தது. இதை இப்படிச் செய்யலாமே, அதை அப்படிச் சொல்லலாமே. கடித்துக்கொண்டார். அழுதபோது தோளைப் பிடித்துக்கொண்டார். அது மட்டும்தான் அவர் செய்தது. டொக்டருக்குத் தொலைபேசி எடுப்போமா என்று கேட்டார். ஓம் என்றாள். எடுத்தார்கள். மறுநாள் காலையிலேயே கூட்டிவரச் சொன்னார்.

அதோடு எல்லாம் முடிந்துவிடவில்லை. அடுத்த இரண்டு வருஷத்தில் இன்னும் நாலுதரம் ஒன்று வந்தது. ஒருதரம் ஆட்டோ பிடித்து ஒலுவில் துறைமுகத்துக்கே வந்தாள். இன்னொருதரம் பரீட்சை மண்டபத்திலிருந்து வந்தாள். ஒவ்வொருதரமும் முதலில் வந்தது வாப்பாவிடம்தான்.

அன்றைக்கு, நிழல் தோணியை விட்டு விலகி இருவரின் காலிலும் வெயில் ஏறியபோது, அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"பசிக்கிது வாப்பா."

"இப்ப எத்தின?"

"மூணு. மூணே கால்."

வளவுக்குத் திரும்பியபோது மிசின் ஓடிக்கொண்டிருந்தது. அபுல் ஹஸன் வந்து சேர்ந்திருந்தார். குணம் முழங்கைவரை சீமெந்து காய்ந்த கையோடு வந்து நின்றார். ஆட்களை வைத்துக் கையால் குழைத்துப் பார்த்தாராம். முடியவில்லை.

"பொருத்து விழுந்திட்டு காக்கா. நடு அறைக்கு மேல. மழைக்கு ஒழுகும்."

"ஒழுகட்டும்."

"டீசல் லைன்ல காத்து. வேறொண்டுமில்ல. நீங்க நிண்டிரிந்தா பத்து நிமிசம்."

"தெரியும்," என்றார் றாஸிக். "இருமக்குள்ளயே கேட்டுது."

குணம் அவரைப் பார்த்தார். பிறகு அம்ஹாவின் வீங்கிய கண்ணைப் பார்த்தார். சாந்துக் கரண்டியைத் தண்ணீரில் கழுவினார். "சரி, சோத்த திண்ணுங்க," என்றார். "நான் அந்தப் பொருத்த ஒருக்காப் பாத்துப்போட்டு வாறன்."

மர்ஷூதா சஹனில் சோறு போட்டு வைத்திருந்தாள். கூலியாட்களோடு விறாந்தையில் பாய் விரித்து, மூன்று பேரும் ஒரே சஹனைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"பத்து நிமிசம் எண்டு தெரிஞ்சா, திருத்திப்போட்டு வந்திரிக்கலாமே," என்றாள் அம்ஹா. "நான் நிண்டிரிப்பன்."

"நிண்டிரிப்பியா?"

அவள் யோசித்தாள். "தெரியா," என்றாள்.

பிறகு சோற்றைக் கிளறி, நல்ல இறைச்சித் துண்டு ஒன்றைத் தேடி எடுத்து, அவர் பக்கம் தள்ளி வைத்தாள்.